பக்கத்தைப் புரட்ட முடியாத நாட்கள்

வேதாகமத்தின் தாள் எவ்வளவு மெல்லியது என்பதை என் விரல்கள் வீங்கிய பிறகுதான் கவனித்தேன். ஆட்காட்டி விரலின் நுனியை வைத்து லேசாகத் தள்ளினால் புரண்டுவிடும் தாள் அது. அந்த 'லேசாக' என்பதுதான் எனக்கு வராமல் போயிற்று. கட்டைவிரலால் தள்ளினால் ஐந்தாறு பக்கங்கள் சேர்ந்து வரும். உள்ளங்கையை வைத்து இழுத்தால் தாள் கசங்கும். ஒருமுறை கிழிந்தே போனது. அதனால் யார் கடைசியாகத் திறந்து வைத்தார்களோ, அந்தப் பக்கத்திலேயே நாள்கணக்கில் இருந்துவிடுவேன். அப்படி ஒருமுறை திறந்து கிடந்தது 88-ம் சங்கீதம்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது எனக்கு 41 வயது. காலையில் எழும்போது இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி விரல்கள் மடங்க மறுத்தன. ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடிந்தது. சட்டைப் பொத்தான், பாட்டில் மூடி, குழாய்த் திருகு என்று ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போனது. ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு மருத்துவர் 'ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்றார். முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய். அடியோடு போக்க மருந்து இல்லை, ஆனால் கட்டுக்குள் வைக்க முடியும் என்று பொறுமையாக விளக்கினார். நான் 'இல்லை' என்ற ஒரு சொல்லை மட்டும்தான் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பதினைந்து வருடம் சபையில் கீபோர்டு வாசித்தவள் நான். கைதான் என் ஊழியம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கையையே நோய் தொட ஆண்டவர் விட்டாரே என்பதுதான், வலியைவிடவும், என்னை உள்ளுக்குள் அரித்தது.

முதல் சில மாதங்கள் நல்ல விசுவாசியாக நடந்துகொண்டேன். பார்க்க வந்தவர்களிடம் "கர்த்தர் நல்லவர்" என்று சொல்லுவேன். "கர்த்தர் உங்கள் மூலமாக ஒரு பெரிய சாட்சியை எழும்பப்பண்ணுவார்" என்பார்கள், "ஆமென்" என்பேன். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஜெபமும் அப்படித்தான் இருந்தது. வாய் ஸ்தோத்திரம் சொல்லும், மனசு வேறெங்கோ இருக்கும். ஆண்டவரிடமே வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேஷத்தைக் கலைத்தால் விசுவாசமே கலைந்துவிடுமோ என்று பயம்.

சரி, 88-ம் சங்கீதத்துக்கு வருகிறேன். பதினெட்டு வசனங்கள். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்குகிறது. அதற்கப்புறம் குழி, இருள், ஆழம். "கர்த்தாவே, ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர்? ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?" என்ற கேள்வி. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு 'ஆனாலும்' வந்துவிடும். இதிலும் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிட்டது. அடுத்த நாளும் அதே பக்கம். அதற்கடுத்த நாளும்.

மூன்றாவது நாள்தான் தலைப்பைப் படித்தேன். இராகத் தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட பாட்டு என்று இருந்தது. அதாவது, இதற்கு மெட்டு இருந்திருக்கிறது. வாத்தியம் வாசிக்க ஆள் இருந்திருக்கிறார்கள். ஜனங்கள் கூடி நின்று இதைத் தேவனுக்கு முன்பாகப் பாடியிருக்கிறார்கள். பதினைந்து வருடத்தில் இப்படி ஒரு பாட்டை ஆராதனையில் நான் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. அப்புறம் எண்ணிப் பார்த்தால், 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நாம் கொண்டாட்டப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வியாதிப்பட்டவர்களின் தனியறைக்கு அனுப்பிவிட்டோம்.

அன்று ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆண்டவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். ஏன் நான், ஏன் இந்தக் கை, கூப்பிட்டும் ஏன் பேசமாட்டேன் என்கிறீர் என்று. ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. தரிசனமோ, சத்தமோ, உடம்பில் ஒரு சூடோ எதுவும் வரவில்லை. வலியும் குறையவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒருவரோடு பேசினேன் என்ற உணர்வு இருந்தது. அதுவரை ஆண்டவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். 88-ம் சங்கீதக்காரனும் அவ்வளவு இருட்டிலும் 'நீர்', 'உம்மை' என்று நேருக்கு நேராகத்தான் பேசுகிறான். முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுக்கவில்லை. இயேசு சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கூப்பிட்டதும் 22-ம் சங்கீதத்தின் முதல் வரிதான். அவரே எடுத்துப் பயன்படுத்திய ஜெபம் நமக்கு அவிசுவாசமாகிவிடுமா?

இப்படி முறையிட்டு ஜெபிக்கிற பழக்கத்தைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு 13-ம் சங்கீதத்தைச் சொல்லுவேன். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை முறையிடுகிறான். அடுத்த இரண்டில் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். கடைசி இரண்டில் கிருபையின்மேல் நம்பிக்கை வைக்கிறான். இந்த மூன்றையும் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது பகுதி வரவில்லை என்றால் வலிந்து எழுத வேண்டாம், காலியாக விடுங்கள். என் நோட்டில் மாதக்கணக்கில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. எழுத முடியாதபோது நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. அம்மா அழுவதைப் பிள்ளை எழுத வேண்டியிருக்கிறதே என்று சங்கடப்பட்டேன். பிறகு ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு வசனம் கண்ணில் பட்டது. "இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்" என்று ஒருவர் நடுவில் புகுந்து வாழ்த்துச் சொல்லுகிறார். பவுல் சொல்ல, எழுதியது தெர்தியுவின் கை. உபத்திரவத்தைப் பற்றி நாம் அதிகம் மேற்கோள் காட்டுகிற நிருபம் இன்னொருவருடைய கையால் எழுதப்பட்டது. மகளிடம் காட்டினேன். அன்றிலிருந்து நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'தெர்தியு' என்று குட்டியாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

இப்போது, சொல்லக் கஷ்டமாக இருக்கிற ஒன்று. மருந்து ஆரம்பித்து இரண்டு மாதத்தில், நன்றாக ஜெபிக்கிறவர் என்று பெயர் எடுத்த ஒருவர் வந்து ஜெபித்தார். "மாத்திரையைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை கர்த்தர் எப்படிக் கிரியை செய்வார்?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒருநாள் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் அது. வேலை செய்யவே பல வாரங்கள் எடுக்கும் மருந்து. பலன் தெரியாத அந்த இடைவெளியில் அவருடைய பேச்சு எனக்குள் சரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நிறுத்திவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஏழு வாரம். ஒரு நாள் காலையில் முழங்கால்களும் பூட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. அந்த வாரங்களில் வலது மணிக்கட்டின் எலும்பில் ஏற்பட்ட அரிமானம் திரும்பச் சரியாகாது என்று மருத்துவர் சொன்னார். கையை நீட்டிப் பார்க்கும்போது அந்தக் கோணல் இன்றும் தெரிகிறது.

எனக்கு ஜெபத்தின்மேல் நம்பிக்கை போகவில்லை. குணமாக்க வல்லவர் என்று இன்றும் விசுவாசிக்கிறேன், கேட்கிறேன். ஆனால் யாராவது உங்களை மருந்தா விசுவாசமா என்று நிறுத்தினால், வேதத்தைத் திறந்து காட்டுங்கள். பவுல் லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அவனுக்கு அடிக்கடி வருகிற பலவீனங்களுக்கும் கைவைத்தியம் சொல்லுகிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அதே பவுல்தான். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டும், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்லுவார்களா? மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் முதலில் வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். என் தப்பில் பாதி, அதை ரகசியமாகச் செய்தது.

மனச்சோர்வுக்கும் இதுவே பொருந்தும். எனக்கு அதற்கும் சிகிச்சை தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டேன். இனிச் சாக வேண்டும் என்று எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டான், சாப்பாடு கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி கொடுத்தான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று மட்டும் சொன்னான். சாக வேண்டும் என்ற நினைப்பு உங்களுக்கு வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அது பாவ அறிக்கை இல்லை, காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்வதைப் போலத்தான்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாய் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர், யோபுவைப் போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களைத்தான் கடிந்துகொள்ளுகிறார். அத்தனை கேள்வி கேட்ட யோபுவை அல்ல.

என்னைத் தாங்கியவர்களில் ஒரு அக்காவை மறக்கவே மாட்டேன். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லும்மா" என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையான அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. அந்த அக்கா அப்படிக் கேட்கவில்லை. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவேன், உன் தலையைப் பின்னிவிட்டுப் போவேன்" என்றார். வந்தார். சீப்பை எடுத்துச் சிக்கெடுத்து, பின்னி, முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வசனம் சொல்லவில்லை. அடுத்த செவ்வாயும் வந்தார். ஏறத்தாழ எட்டு மாதம் வந்தார். மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவனும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று தாங்கினார்கள் என்று ஞாயிறு பள்ளியிலேயே படித்த கதைதான். சீப்பு தலைமுடிக்குள் இறங்கும்போதுதான் அந்தக் கதை எனக்குப் புரிந்தது. நீங்கள் யாருக்காவது உதவ நினைத்தால் நாளும் நேரமும் வேலையும் நீங்களே சொல்லுங்கள். மறுக்கிற உரிமையை மட்டும் அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ரோமர் 8:28-ஐ யாரும் கையில் எடுத்துக்கொண்டு வராதீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளுகிறேன். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்பது எனக்கு உயிரான வசனம். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற வசனங்களைப் படித்துவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும். சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் தவிக்கிறோம், ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். இந்த மூன்று பெருமூச்சுக்கும் பிறகுதான் நன்மை என்ற சொல் வருகிறது. அதுவும், நடப்பதெல்லாம் நல்லது என்று அந்த வசனம் சொல்லவில்லை. என் நோய் நல்லது இல்லை. மரணத்தையே வேதம் சத்துரு என்றுதான் சொல்லுகிறது.

அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்ற இடம். பரீட்சை என்றதும் எனக்குப் பள்ளிக்கூடப் பரீட்சைதான் நினைவுக்கு வரும். ஆண்டவர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு எத்தனை மதிப்பெண் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று. ஒரு வேதபாடத்தில் போதகர் விளக்கினார்: அங்கே இருக்கிற கிரேக்கச் சொல் 'டோகிமே'. சோதித்துப் பார்த்து, இது தேறியது என்று அறியப்பட்ட தன்மை. அப்படியானால், நான் தேறுகிறேனா என்று ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைவிட, அவர் தாங்குவார் என்பது எனக்குள் தேறிக்கொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். நேற்று தாங்கினார். போன வாரம், அந்த மோசமான புதன்கிழமையிலும் தாங்கினார். நம்பிக்கை எனக்கு அப்படித்தான் வந்தது, எண்ணி எண்ணி.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கையும் அந்த நாட்களில் துணையாக இருந்தது. கைவிடப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர். 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-ல் மரிக்கும்வரை ஏறத்தாழ இருபது வருடம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். அந்த இருபது வருடம் என்ற கணக்கு என்னைப் பயமுறுத்தவில்லை, நிதானப்படுத்தியது. சீக்கிரம் சுகமாகிச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற அவசரம் என்னை விட்டுப் போயிற்று.

சந்தோஷம் வந்தது நான் தேடாத இடத்தில்.

எனக்குப் பதிலாக வாசிக்க சபையில் ஒரு பெண்பிள்ளையை ஏற்படுத்தினார்கள். பன்னிரண்டு வயது. கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அது தாங்கவில்லை. என் இடத்தில் இன்னொருத்தி உட்காருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விரலால் காட்டிக்கொடுக்க முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும். "சுண்டுவிரலை முன்கூட்டியே நகர்த்தி வை, அடுத்த சுரத்துக்கு அது போய்ச் சேர வேண்டும்." இப்படி ஒவ்வொன்றையும் சொல்லாக்க வேண்டியிருந்தது. என் கைக்குத் தெரிந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாலு மாதம் ஆயிற்று.

அவள் முதன்முதலில் ஆராதனையில் வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் சரணத்தில் தடுமாறி, இடது கையை விட்டுவிட்டாள். சபையார் பாடிக்கொண்டே போனார்கள். அவள் வந்து சேர்ந்துகொண்டாள். என் மடியில் விரல்கள் தாமாக அசைந்தன. அப்போதுதான் கவனித்தேன், நான் பாடிக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடத்தில் ஒருநாளும் முழுப் பாட்டையும் பாடியதில்லை. கண் எப்போதும் கட்டைகளின்மேல்தான் இருக்கும். அன்று தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தேன். போன மாதம் மனைவியை அடக்கம் செய்தவர் பாடிக்கொண்டிருந்தார். வேலை போன தம்பி பாடிக்கொண்டிருந்தான். பிள்ளைக்காகப் பல வருடம் காத்திருந்து அழுத தங்கை கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இத்தனை வருடம் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசித்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மணிக்கட்டு வலித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று தள்ளாமல் இருந்தன.

இப்போது நோய் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கிறது. காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். சில வாரங்கள் திடீரென்று சீறும். அப்போது மறுபடி எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவிடம் "என் கைகளைப் பார்" என்று சொன்ன இடத்தை அடிக்கடி வாசிக்கிறேன். மகிமையான அந்தச் சரீரத்திலும் ஆணிக் காயம் இருந்தது. என் கோணல் மணிக்கட்டு அந்த நாளில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். வலி இருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

போன மாதம், புதிதாக இதே நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு தங்கையைப் பார்க்கப் போனேன். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளே கேட்டாள்: "அக்கா, நான் என்ன ஜெபம் பண்ணணும்? எனக்கு எதுவுமே வரலை."

88-ம் சங்கீதத்தை எடுக்கச் சொன்னேன். அவளுடைய விரல்கள் இன்னும் அவ்வளவு மோசமில்லை, எடுத்தாள். சத்தமாக வாசித்தாள். நடுவில் இரண்டு முறை குரல் நின்றது. கடைசி வசனம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சா? ஆமென் கூட இல்லையே அக்கா."

"இதுல இல்லம்மா. அடுத்த சங்கீதத்தோட கடைசியிலதான் வரும்."

"அடுத்தது எத்தனை வசனம்?"

"ஐம்பத்திரண்டு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் பக்கத்தைப் புரட்டினாள்.